கோலும் கையும்: போர்விமானச் சிமியுலேட்டரில் உணர்திறனைச் சீரமைப்பது பற்றி

கிரேக்க மொழியின் 'மிமெசிஸ்' என்னும் சொல்லை நமது திறனாய்வாளர் 'போலச்செய்தல்' எனத் தமிழில் வழங்கி வந்துள்ளனர். சிமியுலேட்டர் எனப்படும் பொறியின் பெயரைத் தமிழாக்க முற்படுவோரும் ஏறத்தாழ அதே சொல்லிலேயே வந்து நிற்பர். இவ்வொற்றுமையை வெறும் மொழிபெயர்ப்பு விபத்தெனத் தள்ளிவிடுவதற்கில்லை. வாழ்க்கையைக் கலை எவ்வாறு போலச்செய்கிறது என்ற வினாவைச் சுற்றி எழுந்த விவாதங்கள், விமானத்தைக் கணினி எவ்வாறு போலச்செய்கிறது என்ற வினாவைச் சுற்றியும் சிறு வடிவில் மீண்டும் நிகழ்ந்து வருகின்றன. அவற்றுள் ஒன்றை, அதாவது ஜோய்ஸ்டிக் என்னும் கட்டுப்பாட்டுக்கோலின் உணர்திறனை எவ்வாறு அமைப்பது என்பதனை, இக்கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறோம். தமிழ்ச் சங்க ஆய்விதழொன்றிலே இதற்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். யதார்த்தம் பற்றிய பிரச்சினை எழும் இடம் எதுவாயினும் அங்கே இலக்கிய மாணவனுக்கு வேலையுண்டு என்பதே எமது விடை.

விவாதம் இதுதான். 2001இல் ரஷ்யாவின் மடொக்ஸ் குழுவினர் உருவாக்கி வெளிவந்த 'இல்-2 ஸ்ற்ருமோவிக்' போன்ற சிமியுலேட்டர்களிலே, கை கோலை அசைக்கும் அளவுக்கும் விமானத்தின் கட்டுப்பாட்டுத் தளங்கள் அசையும் அளவுக்கும் இடையிலான உறவை விளையாடுபவரே மாற்றியமைக்கலாம். ஒரு சாரார் இவ்வுறவு நேர்கோடாகவே இருக்கவேண்டும் என்பர். கோல் பாதி அசைந்தால் தளமும் பாதி அசையவேண்டும்; மெய்யான விமானத்தில் வளையி வரைந்து கொடுப்பார் எவருமில்லை; எனவே நேர்கோட்டை விட்டு விலகுவது ஏமாற்று என்பது இவர்தம் வாதம். மற்றைய சாரார் நடுவிலே மென்மையாகவும் ஓரங்களிலே கூர்மையாகவும் செல்லும் வளையியை விரும்புவர். ஆனால் தம் தேர்வுக்கு 'இதுதான் வசதி' என்பதற்கு மேல் நியாயம் கூற இவர்கள் பெரும்பாலும் முயல்வதில்லை. முதற்சாராரின் நிலைப்பாடு யதார்த்தத்தின் பெயராலே பேசினும் அடிப்படையில் இயற்பண்புவாதமே என்பதும், இரண்டாஞ்சாரார் தாம் அறிந்ததைவிடச் சரியான இடத்தில் நிற்கின்றனர் என்பதும் எமது கருத்து. இதனை நிறுவுவதற்குக் கோல் என்ன செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

மேசையில் வைத்துப் பயன்படுத்தும் கோல், தன் சாய்வை ஓர் எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. மலிவான கோல்களில் இவ்வேலையைச் செய்வது தேய்ந்துபோகும் இயல்புள்ள ஒரு மாறுந் தடையி. விலை கூடியவற்றில் ஹோல் விளைவைப் பயன்படுத்தும் காந்த உணரி. கணினி அவ்வெண்ணைப் பெற்று, விளையாடுபவர் வகுத்த விதிப்படி வேறோர் எண்ணாக்கி விமானத்துக்குக் கொடுக்கிறது. அவ்விதியே உணர்திறன் அமைப்பு. 'இல்-2'இல் ஒவ்வோர் அச்சுக்கும் நிலைக்குத்தாக நிற்கும் பத்து நழுவிகள் உண்டு. ஒவ்வொன்றும் கோலின் பயணத்தில் ஒரு பகுதியை ஆளும். ஒவ்வொன்றையும் 0 முதல் 100 வரை நகர்த்தலாம். 'டிசிஎஸ்' என்ற பிந்திய சிமியுலேட்டரில் வளைவின் அளவை ஓர் எண்ணாற் குறித்தால் வளையி தானே வரையப்பட்டுவிடும். வடிவம் எதுவாயினும் தத்துவம் ஒன்றே.

அத்தத்துவத்தை ஒரு கணக்கின் மூலம் காட்டலாம். விமானத்துக்குச் செல்லும் எண்ணில் 0.3 பங்கு கோலின் அசைவிலிருந்து நேராகவும், 0.7 பங்கு அவ்வசைவின் கனத்திலிருந்தும் (அதாவது அதனை அதனாலேயே மும்முறை பெருக்கி வருவதிலிருந்து) பெறப்படுகிறது எனக் கொள்வோம். கோல் 19 வீதம் சாய்ந்தால் தளம் ஏறத்தாழ 6 வீதமே அசையும். பாதி சாய்ந்தால் 24 வீதம். 80 வீதம் சாய்ந்தால் 60 வீதம். முழுதும் சாய்ந்தால் முழுதும். இங்கு கவனிக்கவேண்டியது யாதெனில், கோலின் பயணத்தில் எஞ்சிய கடைசி 20 வீதத்துக்குள் தளத்தின் அசைவில் 40 வீதம் திணிக்கப்பட்டுள்ளது. வளையியின் இரு முனைகளும் நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால் சராசரிப் படித்திறன் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். நடுவிலிருந்து எடுத்தது ஓரத்திலே வந்து சேர்ந்தே தீரும். 'உணர்திறனைக் குறைத்தேன்' என்று விளையாடுபவர் சொல்லும்போது அவர் எதனையும் குறைக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறார். பங்கீடு மாறுகிறதேயன்றி மொத்தம் மாறுவதில்லை. (அரசியற் பொருளாதாரம் பயின்றோருக்கு இது புதிய பாடமன்று.)

ஓரத்தில் வந்து சேர்வது யாரைத் தாக்குகிறது? எதிரி விமானத்தைக் குறிபார்ப்பவனுக்கு நடுப்பகுதியின் மென்மை வேண்டும். அவனது அசைவுகள் மயிரிழை போன்றவை. எதிரியோடு வட்டமிட்டுத் திரும்புபவனோ கோலை அறுபது எழுபது வீதம் இழுத்துப் பிடித்து, சிறகு தூக்குதிறனை இழக்கும் விளிம்பிலே நெடுநேரம் பறக்கவேண்டியவன். மேற்சொன்ன வகை வளையியில் நேர்ப்பங்கையும் கனப்பங்கையும் எவ்வாறு மாற்றினும், கோலின் பயணத்தில் ஏறத்தாழ 58 வீதத்தைக் கடந்ததும் படித்திறன் ஒன்றைத் தாண்டிவிடும். அதாவது அவ்விடத்திலிருந்து வளையி நேர்கோட்டைவிடக் கூர்மையானது. குறிபார்ப்பவனுக்குக் கிடைத்த நிவாரணம் திரும்புபவனுக்கு நோயாகிறது. இருவரும் ஒரே விமானத்தின் ஒரே இருக்கையில் சில விநாடி இடைவெளியில் அமர்ந்திருக்கும் ஒரே மனிதன் என்பதே இதன் உண்மையான முரண்பாடு. எல்லாருக்கும் எப்போதும் ஏற்ற வளையி ஒன்று இல்லாமைக்கு இதுவே காரணம்.

இனி நேர்கோட்டாரின் வாதத்துக்கு வருவோம். மெய்யான போர்விமானத்தின் கோல் விமானியின் முழங்கால்களுக்கிடையே தரையிலிருந்து எழுவது. மேசைக்கோல் அதனிலும் பன்மடங்கு குறுகியது. சுழலும் புள்ளியிலிருந்து கைப்பிடி வரை ஒன்று 45 சென்ரிமீற்றர், மற்றையது 15 சென்ரிமீற்றர் எனவும், இரண்டும் ஒரு பக்கத்துக்கு 20 பாகை சாயக்கூடியன எனவும் கொண்டால், கை 1 சென்ரிமீற்றர் அசையும்போது நெடுங்கோல் தன் பயணத்தில் 6 வீதமும் குறுங்கோல் 19 வீதமும் சென்றிருக்கும். இவ்விரு எண்களையும் மேலே கண்டோம். கைக்கும் விமானத்துக்கும் இடையே நெடுங்கோலில் நடுப்பகுதியில் நிலவிய உறவைக் குறுங்கோலில் மீட்டுத்தருவது அந்த 'ஏமாற்று' வளையியே. நேர்கோடு அதனை மும்மடங்கு திரித்துவிடுகிறது. நேர்கோட்டார் கோலின் கோணத்தைப் பேணுகின்றனர். கையின் அனுபவத்தை இழக்கின்றனர். (வசதியுள்ளோர் கோலுக்கு நீட்டுக்குழாய் பொருத்தித் தரையிலே நிறுத்திக்கொள்வதுண்டு. அவர்களுக்கு நேர்கோடு பெருமளவு பொருந்தும்.)

இது நீளம் பற்றிய விடயம் மாத்திரமன்று. இதனிலும் ஆழமான இழப்பொன்று உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் போர்விமானங்களிலே கோல் கம்பிகளாலும் தண்டுகளாலும் நேரே தளங்களோடு இணைக்கப்பட்டிருந்தது. காற்று தளத்தைத் தள்ளும் விசை முழுவதும் அவ்வழியே விமானியின் கைக்குத் திரும்பி வந்தது. காற்றின் இயக்க அமுக்கம் கதியின் வர்க்கத்தோடு பெருகுவது. மணிக்கு 200 கிலோமீற்றரில் இருந்ததிலும் 600இல் அது ஒன்பது மடங்கு. பிரித்தானியர் கைப்பற்றிய மெசர்ஸ்மிற் 109ஈ விமானமொன்றை 1940இல் ஃபார்ன்பரோவில் சோதித்தபோது, மணிக்கு 400 மைல் கதியில் விமானி தன் பலம் முழுவதையும் பிரயோகித்தும் சிறகோர மடல்களை ஐந்திலொரு பங்களவே அசைக்க முடிந்தது. குறுகிய அறையில் கையை மடக்கித் தள்ள இடமில்லாமை இதற்கு உடந்தை. துணி போர்த்த மடல்களைக் கொண்டிருந்த அக்கால ஸ்பிற்ஃபயரும் இவ்விடயத்தில் மேம்பட்டதாக இருக்கவில்லை. 1941இல் உலோகம் போர்த்த மடல்கள் வந்தபின்னரே நிலைமை சீரடைந்தது. ஆக, விமானியின் கை 'எவ்வளவு தூரம்' என்பதை விட 'எவ்வளவு பாரம்' என்பதையே அறிந்திருந்தது. கதியையும் ஆபத்தையும் அவன் கோலின் பாரத்திலே வாசித்தான்.

மேசைக்கோலின் விற்சுருள் எக்கதியிலும் ஒரே விசையுடன் எதிர்க்கும். காற்றுக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்புமில்லை. மெய்யான கோலிலே இருவழியாக நிகழ்ந்த உரையாடல் இங்கே ஒருவழிக் கட்டளையாகச் சுருங்கிவிட்டது. சிமியுலேட்டரை ஆக்குவோர் உயர்கதியில் தளங்களின் அசைவைக் கணக்கிலே கட்டுப்படுத்தி விமானியின் தசைவலிமையைப் போலச்செய்வர். எனினும் விளையாடுபவரின் கை அதனை உணர்வதில்லை. கோல் இலகுவாக ஓரம் வரை செல்லும். விமானம் மட்டும் கேளாமலிருக்கும். இவ்விடத்தில் உணர்திறன் வளையி ஆற்றும் பணி வேறு. மறைந்துபோன எதிர்விசைக்குப் பதிலாள் அது. பாரத்தாலே தடுக்கப்பட்டிருக்கவேண்டிய கையை, தூரத்தாலே தடுக்கிறது. பதிலாள் ஒருபோதும் மெய்யாளாகிவிடாது என்பது வெளிப்படை; ஆயினும் பதிலாளையும் விலக்கிவிட்டு 'இதோ யதார்த்தம்' என்பது எவ்வாறு பொருந்தும்?

ஸ்பிற்ஃபயரின் உதாரணம் இன்னும் நுண்மையானது. சிமியுலேட்டர்களில் அதன் மூக்கை ஏற்றியிறக்கும் அச்சு மிகையான கூருணர்வு கொண்டது என்ற முறைப்பாடு பழையது. ஆனால் வரலாறு சிமியுலேட்டரின் பக்கமே நிற்கிறது. அமெரிக்காவின் நாகா நிறுவனம் 1942இல் ஸ்பிற்ஃபயர் 5ஏ விமானத்தை அளந்தபோது, உயர்கதியில் மட்டப் பறப்பிலிருந்து சிறகின் உச்சத் தூக்குதிறன் வரை செல்வதற்குக் கோலை முக்கால் அங்குலமே இழுக்கவேண்டியிருந்தது எனக் கண்டது. அவ்வாறாயின் முக்கால் அங்குலத்தை அப்படியே மேசைக்கோலில் வைத்துவிடுவதுதானே யதார்த்தம் எனக் கேட்கலாம். விளிம்பை அண்மிக்கையில் ஸ்பிற்ஃபயர் தன் உடல் முழுவதையும் நடுக்கி விமானியை எச்சரித்தது. அவன் அதனை முதுகாலும் தொடையாலும் அறிந்தான்; வளைந்து திரும்புகையில் குருதி கால்களுக்கு இறங்குவதைக் கண்களாலேயே அறிந்தான். கூர்மையான கோலும் உடலின் எச்சரிக்கையும் சேர்ந்தே அவ்விமானத்தின் குணம். முன்னையதைத் தந்து பின்னையதைத் தராத பொறியில், எண் அதுவேயாயினும் உறவு வேறு. ஒரே எண் இரு வேறு சூழல்களில் இரு வேறு பொருள் தருகிறது.

அறுபதுகளில் ஈழத்து முற்போக்கு விமர்சனம் இயற்பண்பையும் யதார்த்தத்தையும் வேறுபடுத்திக் காண முயன்றபோது முன்னிருந்த பிரச்சினையும் இதுவே. புறத்தே தெரியும் விவரங்களை ஒன்று விடாமற் பிரதிசெய்யும் நாவல், அவ்விவரங்களை இயக்கும் உறவுகளைக் காட்டத் தவறலாம். லூகாச் 1936இல் எழுதிய 'எடுத்துரைத்தலா விவரித்தலா' என்ற கட்டுரையில் வலியுறுத்தியதும் இவ்வகை வேறுபாட்டையே. பேச்சு வழக்கின் ஒவ்வோர் ஓசையையும் எழுத்திற் பிடித்துவிட்டாற் பாத்திரம் உயிர்பெற்றுவிடும் என நம்பிய எழுத்தாளரை நாம் அறிவோம். கோணத்துக்குக் கோணம் ஒன்றாயிருப்பின் விமானம் உயிர்பெற்றுவிடும் என நம்பும் விளையாட்டுக்காரர் அவருக்கு உறவினர். மறுபுறத்தே, வளையியை எல்லை மீறி வளைத்து எவ்விமானத்தையும் இலகுவாக்கிக்கொள்பவர், மெசர்ஸ்மிற்றின் பாரத்தையும் ஸ்பிற்ஃபயரின் கூர்மையையும் ஒருசேர அழித்து விடுகிறார். அவரது வானத்தில் விமானங்கள் பெயரால் மாத்திரமே வேறுபடும். அது கற்பனாவாதம்.

மூலத்தில் வளையி கிடையாது என்ற அடிப்படைக் கூற்றும் எல்லாக் காலத்துக்கும் உண்மையன்று. அமெரிக்காவின் எஃப்-16 விமானத்தில் கோலுக்கும் தளங்களுக்கும் இடையே மின்னணுக் கணிப்பு அமைப்பு நின்றது. பக்கவாட்டிற் பொருத்தப்பட்ட அதன் கோல் தொடக்கத்திலே ஏறக்குறைய அசையவேயில்லை; கை கொடுத்த விசையை மாத்திரம் அளந்தது. 1974 ஜனவரி 20ஆந் திகதி எட்வேட்ஸ் வான்தளத்தில் அதன் முன்மாதிரியான வைஎஃப்-16, ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கப்பட்ட வேளை, பக்கவாட்டு உருளலுக்கான உணர்திறன் அளவுக்கு மிஞ்சியிருந்தமையால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, வாற்சிறகைத் தரையில் உரசிக்கொண்டது. ஓட்டியிருந்த பில் ஓஸ்ட்ரிச்சர், ஓடுபாதையில் அதனை அடக்க முயல்வதிலும் மேலெழுந்துவிடுவதே பாதுகாப்பெனத் துணிந்து, திட்டமிடப்படாத ஆறு நிமிடப் பறப்பின் பின் பத்திரமாக இறக்கினார். முறையான முதற் பறப்பு பெப்ரவரி 2ஆந் திகதியே நடைபெற்றது. பின்னர் கோலுக்குச் சிறிதளவு அசைவும் கொடுக்கப்பட்டது. அசையாத ஒன்றிலே தான் எவ்வளவு கேட்கிறேன் என்பதை மனிதக் கை அறிந்துகொள்வதில்லை. மேசையின் முன்னமர்ந்து நழுவிகளை நகர்த்துபவர் செய்யும் வேலையும், அவ்விமானத்தின் பொறியியலாளர் செய்த வேலையும் வகையால் ஒன்றே.

இவ்வளவும் விளங்கியபின் செய்முறை எளிது. முதலிற் கோலின் நடுக்கத்தைக் கவனிக்கவேண்டும். தேய்ந்த தடையி கை தொடாத வேளையிலும் எண்ணை ஆட்டிக்கொண்டிருக்கும். அதனை மறைக்க நடுவிலே செயலற்ற வலயமொன்றை வைப்பர். இரண்டு மூன்று வீதத்துக்கு மேற்பட்டால் அவ்வலயம், குறிபார்ப்பதற்கு மிகத் தேவையான இடத்திலேயே கையைச் செவிடாக்கிவிடும். வடிகட்டி என்ற அமைப்பும் உண்டு. அது ஆட்டத்தைச் சமன்செய்யும்; பதிலுக்குத் தாமதத்தைத் தரும். இரண்டையும் இயன்றவரை குறைவாக வைத்து, நேர்கோட்டிலிருந்தே தொடங்குவது நன்று.

அமைதியான வானில் மட்டமாகப் பறந்து, தூரத்திலுள்ள ஒரு பொருளின்மீது குறிவட்டத்தை நிறுத்திப் பார்க்கவேண்டும். மூக்கு அதனை இருபுறமும் மாறி மாறித் தாண்டிச் சென்று அடங்க மறுத்தால் நடுப்பகுதி மிகக் கூர்மை. வைஎஃப்-16 ஓடுபாதையில் ஆடியதும் இவ்வகை ஆட்டமே. வளைவைச் சிறிது கூட்டி மீண்டும் பார்க்கவேண்டும். ஆட்டம் அடங்கியதும் அங்கே நின்றுவிடலாகாது. விமானத்தைச் சாய்த்து, தூக்குதிறன் இழக்கும் விளிம்பில் முழு வட்டமொன்று திரும்பிப் பார்ப்பது இரண்டாஞ் சோதனை. விளிம்பைத் திரும்பத் திரும்பத் தாண்டி விழுந்தால் வளைவு மிஞ்சிவிட்டது. இவ்விரு சோதனைகளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியிலேதான் ஒருவருக்குரிய அமைப்பு இருக்கும். ஏற்ற இறக்க அச்சும் உருளல் அச்சும் தனித்தனியே சோதிக்கப்படவேண்டியவை. முன்னையதற்கே பெரும்பாலும் கூடுதல் வளைவு வேண்டும். கோலை முறுக்கிச் சுக்கானை இயக்குவோர் சுக்கானுக்கு மேலும் கூடுதலாகக் கொடுப்பது நல்லது, ஏனெனில் முறுக்கும் மணிக்கட்டு தன்னையறியாமலே கோலைச் சாய்த்துவிடும். ஓர் அமைப்பைத் தெரிந்தபின் சில வாரங்கள் தொடக்கூடாது. கையின் பழக்கம் மெதுவாகப் படிவது. நாளுக்கொரு வளையி வரைபவர் கையைப் பழக விடுவதேயில்லை.

குறிவட்டம் என்று மேலே கூறினோம். அதன் மறுமுனையில் இருப்பது என்ன என்பதைச் சிமியுலேட்டர் சொல்வதில்லை. பெயரளித்த இல்-2 விமானமே தரையைத் தாக்குவதற்கென ஆக்கப்பட்டது. 36,000க்கு மேல் உற்பத்தி செய்யப்பட்டு ஜேர்மன் படையெடுப்பை முறியடிப்பதிற் பெரும்பங்கு வகித்தது. அதன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 1980களின் நடுக்கூறிலிருந்து 2009 வரை விமானத்தைப் பதுங்குகுழியின் வாயிலிருந்தே அறிந்த வாசகர் பலர் இவ்விதழுக்கு உண்டு. கோலின் முனை எவ்வளவு துல்லியமாகப் போலச்செய்யப்பட்டாலும், தரையின் முனை வெறும் நிறப்புள்ளிகளாகவே விடப்பட்டுள்ளது. எதனைத் துல்லியமாக்குவது, எதனை மங்கலாக விடுவது என்பதும் ஓர் உணர்திறன் அமைப்பே. அதனை மாற்றுவதற்கான நழுவி விளையாடுபவரிடம் கொடுக்கப்படவில்லை.

பறப்புச் சிமியுலேட்டரின் பிறப்பிலேயே இத்தெரிவு தொடங்குகிறது. நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்ரனில் பியானோவும் ஓர்கனும் செய்யும் தந்தையின் தொழிற்சாலையில் வேலை பழகிய எட்வின் லிங்க், ஓர்கனின் துருத்திகளைக் கொண்டே 1920களின் இறுதியில் தன் பறப்புப் பயிற்சிப் பொறியை ஆக்கினார். தொடக்கத்தில் அது நாணயம் போட்டு ஏறும் களியாட்டப் பொருளாகவும் விற்கப்பட்டது. 1934இல் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு ஆறு பொறிகளை வாங்கிய பின்னரே அதன் திசை உறுதியாயிற்று. அன்று முதல் களியாட்டமும் இராணுவமும் இப்பொறியை மாறி மாறிக் கைமாற்றி வந்துள்ளன. காற்றின் எதிர்விசையைக் கைக்குத் திருப்பித் தரும் கோல்களை மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலேயே சாதாரண விளையாட்டுக்காரருக்கு விற்றது. சில ஆண்டுகளில் அவ்வுற்பத்தியையே கைவிட்டது. அண்மைக் காலத்தில் வேறு சிறு நிறுவனங்கள் அத்தகைய கோல்களை மீண்டும் விற்கின்றன. அவற்றின் விலை பெரும்பாலோரின் கைக்கு எட்டாதது. தொழில்நுட்பம் தீர்த்துவிட்ட ஒரு பிரச்சினையைச் சந்தை மீண்டும் திறந்து விட, அதனை நழுவிகளால் அடைக்கும் வேலை விளையாடுபவரின் தலையிலே விழுந்தது.

பிறர் வெளியிடும் எண்களை அப்படியே பெயர்த்துக்கொள்வதிற் பயனில்லை என்பது இதனால் விளங்கும். அவ்வெண்கள் அவருடைய கோலின் நீளத்துக்கும், விற்சுருளின் இறுக்கத்துக்கும், கதிரையின் உயரத்துக்கும், கையின் பருமனுக்கும் உரியவை. தொடங்குவதற்கு அவற்றைக் கொள்ளலாம். மெசர்ஸ்மிற்றுக்கு ஓர் அமைப்பும் ஸ்பிற்ஃபயருக்கு வேறோர் அமைப்புமாகத் தனித்தனியே சேமித்து வைக்க இடந்தரும் சிமியுலேட்டராயின் அவ்வாறே செய்க. இடந்தராததாயின், அடிக்கடி பறக்கும் விமானத்துக்கு அமைத்துவிட்டு, ஏனையவற்றின் வேறுபாட்டைக் கையே கற்றுக்கொள்ள விடவேண்டியதுதான்.